எழுவாய் இல்லாத வாக்கியங்களும் கொல்கத்தாவின் குரோமியமும்

2025 ஜனவரி 29ஆம் நாள், டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடையைத் துப்புரவு செய்வது நிறுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாள், ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் ஆலைகள் பாழாக்கிய வழக்கில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஆறு வாரங்களுக்குள் இழப்பீடு வழங்கப் பணித்தது. பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்திலுள்ள பான்தலா தோல் தொழில் வளாகத்தில் சாக்கடைத் துப்புரவுப் பணியில் ஈடுபட்டிருந்த மூன்று தொழிலாளர்கள் குழிக்குள்ளிருந்து பிணமாக மீட்கப்பட்டனர்.

முதல் ஆணையின் மை காய்வதற்குள் அந்த ஆணையில் பெயர் சொல்லப்பட்ட நகரத்தில், இரண்டாம் தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்ட அதே தொழிலின் வளாகத்தில் இது நடந்தது. ஐந்து நாட்களுக்குள் வந்த இம்மூன்று செய்திகளையும் எந்த நாளிதழும் ஒரே பக்கத்தில் வைத்து வாசகருக்குக் காட்டியதாகத் தெரியவில்லை. சாக்கடை உள்ளாட்சிப் பக்கத்துக்கும் பாலாறு சுற்றுச்சூழல் பக்கத்துக்கும் மூன்று பிணங்கள் விபத்துப் பகுதிக்கும் உரியவை என்பது செய்தி அறைகளின் பகுப்பு. பகுத்துப் படித்தால் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இவற்றைச் சேர்த்துப் படிப்பதே இப்பதிவின் வேலை.

இத்தகைய சாவுகளுக்குத் தமிழ்ச் செய்தி மொழியில் ஒரு வாய்பாடு நிலைத்துவிட்டது: 'விஷவாயு தாக்கி மூவர் பலி'. அவ்வாக்கியத்தில் தாக்குவது வாயு. குழிக்குள் இறங்கச் சொன்னவர், இறங்குமுன் உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று சோதிக்காதவர், அவ்வாயு அங்கே உருவாகும்படி கழிவைத் திறந்துவிட்டவர் ஆகிய எவருக்கும் அதில் எழுவாயாகும் வாய்ப்பு இல்லை. தமிழ் வினைகளில் ஒரு வசதி உண்டு. கழிவு தேங்கியது, கழிவைத் தேக்கினார். நஞ்சு பரவியது, நஞ்சைப் பரப்பினார். சுவர் உடைந்தது, சுவரை உடைத்தார். ஆறு மாசுபட்டது, ஆற்றை மாசுபடுத்தினார். ஒரே வேரிலிருந்து தன்வினையும் பிறவினையும் பிறக்கின்றன. அரசு அறிக்கைகளும் ஆலை நிர்வாகங்களின் விளக்கங்களும் நாளிதழ்களும் இந்த இணைகளில் முதலாவதை மட்டுமே பயன்படுத்துகின்றன. மழை பெய்வதற்கும் பூ மலர்வதற்கும் எழுவாய்க்கு அப்பால் ஒரு கருத்தாவைத் தேட வேண்டியதில்லை. ஆனால் பான்தலாவில் எந்தக் கழிவும் தானாகத் தேங்கியதில்லை.

இரசாயனத் தொழிலைச் சீர்திருத்துவது பற்றி இன்று உலக அளவில் வழங்கும் மொழியையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. 2020 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் தன் இரசாயனப் பொருள் உத்தியை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் ஜெர்மனியில் கூடிய பன்னாட்டு மாநாடு உலகளாவிய இரசாயனச் சட்டகம் ஒன்றை ஏற்றது. அவற்றைத் தொடர்ந்து நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் மூன்று அடைகள் சேர்ந்தே வருகின்றன: நீடித்த, சுழற்சிமுறையிலான, பாதுகாப்பான. மூன்றும் பெயரடைகள். பெயரடைக்குக் காலம் இல்லை, இடம் இல்லை, செய்பவர் இல்லை. 'சுழற்சிமுறைத் தொழில்' என்றால் எது சுழல்கிறது, யார் சுழற்றுகிறார், சுழற்சி அறுபடும் இடத்தில் யார் நிற்கிறார் என்னும் மூன்று கேள்விகளையும் அச்சொல்லே மூடிவிடுகிறது. இச்சொற்களை எவரும் எதிர்க்க வேண்டியதில்லை. இவற்றுக்கு எழுவாய் கேட்க வேண்டும். அதற்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது; ஏனெனில் சுழற்சி என்றால் என்ன என்பதை இந்நகரம் அச்சொல் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே அறிந்திருந்தது.

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஈரநிலங்கள் விரிந்திருக்கின்றன. நகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியாக இங்கே வந்து, 'பேரி' என்று வங்காளிகள் அழைக்கும் ஆழம் குறைந்த மீன்குளங்களில் தேக்கப்படுகிறது. இங்கே 'தேக்கப்படுகிறது' என்னும் சொல் சரியானது. தேக்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை நாள் தேக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆழமில்லாத நீரில் வெயில் அடிவரை இறங்குகிறது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதில் விளையும் பாசியையும் நுண்மிதவைகளையும் மீன் உண்கிறது. மிஞ்சிய நீர் வயலுக்குப் போகிறது. கரை ஓரமாக ஆகாயத்தாமரையை வரிசையாக வளர்த்துக் கரை அரிப்பைத் தடுக்கிறார்கள். பக்கத்திலுள்ள தாப்பாவின் குப்பைமேட்டு நிலங்களில் காய்கறி விளைகிறது. நகரம் வெளியேற்றியது மீனாகவும் கீரையாகவும் நகரத்துச் சந்தைக்கே திரும்புகிறது. 1981இல் மாநில அரசின் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ், இந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து கண்டறிந்தார். மேற்கத்திய முறையிலான ஒரு சுத்திகரிப்பு நிலையம் செய்ய வேண்டிய வேலையை மீனவர்களும் உழவர்களும் செலவின்றிச் செய்துகொண்டிருப்பதை ஆவணப்படுத்தி உலகுக்குச் சொன்னார். 2002 ஆகஸ்டில் இவ்வீரநிலங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கோஷ் 2018இல் மறைந்தார். வீடு கட்டுவோரிடமிருந்து இந்நிலத்தைக் காக்கும் போராட்டம் அவருடைய வாழ்நாளில் முடியவில்லை.

பேரிகளில் நிகழும் இச்சுழற்சி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. வரும் கழிவு உயிரால் சிதைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மலம் சிதையும், சமையலறைக் கழிவு சிதையும். குரோமியம் சிதையாது. அது ஒரு தனிமம். வெயிலோ பாசியோ நுண்ணுயிரோ அதை வேறொன்றாக ஆக்க முடியாது. அது வண்டலில் படியும், வேரில் ஏறும், மீனின் செவுளில் சேரும், அல்லது வேறோர் இடத்துக்கு நகரும். இந்த ஒரு வேதியியல் உண்மையை மனத்தில் கொள்ளாமல் தோல் தொழிலில் 'சுழற்சி' என்று பேசுவது வெறும் பேச்சு.

டாங்ரா, தில்ஜலா, தொப்சியா பகுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான தோல் ஆலைகளின் கழிவு பல பத்தாண்டுகள் இந்தக் கால்வாய்களில்தான் இறங்கியது. டாங்ராவில் ஆலைகளை நடத்தியோர் பெரும்பாலும் ஹக்கா சீனர்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் புரட்டியோர் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த சமார் சாதியினரும் இசுலாமியரும். இந்துச் சமூகத்தின் மேல்தட்டு, தோலைத் தொடுவதை இழிவென்றும் தோலால் ஆன காலணியை அணிவதை நாகரிகமென்றும் ஒரே மூச்சில் கருதிவந்தது. அந்த இரட்டை நிலை இல்லாமல் இத்தொழிலின் கழிவு இவ்வளவு காலம் கேள்விக்கு உட்படாமல் இருந்திருக்க முடியாது.

1996 டிசம்பர் 19 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கொல்கத்தாவின் தோல் ஆலைகள் 1997 செப்டம்பர் 30க்குள் நகரை விட்டு வெளியேறிப் புதிய வளாகத்துக்குச் செல்ல வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 28 அன்று, அதே நீதிபதி தலைமையிலான அமர்வுதான் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியென்று அறிவித்திருந்தது. அக்கோட்பாட்டின் பெயரிலேயே எழுவாய் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மாசு என்றோ மாசுபாடு என்றோ அது தொடங்கவில்லை. மாசுபடுத்தியவர் என்று தொடங்குகிறது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட மொழியில் பிறவினை தலைநிமிர்ந்து நின்ற ஆண்டு 1996. தமிழகத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

ஆனால் நடைமுறைக்கு வந்தபோது கொல்கத்தாவில் அந்தப் பிறவினை ஓர் இடப்பெயர்ச்சியாகச் சுருங்கியது. பான்தலா வளாகம் 2005இல்தான் முறையாகத் திறக்கப்பட்டது. ஆலைகள் போயின, டாங்ராவின் பழைய ஆலைக் கட்டடங்கள் பலவற்றில் சீன உணவகங்கள் வந்தன. இன்று வார இறுதியில் அங்கே நூடுல்ஸ் உண்ணப் போகும் நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்கு அந்த இடத்தின் பழைய நாற்றம் ஒரு சுவையான கதை மட்டுமே. குரோமியமோ மறையவில்லை, நகரின் மூக்குக்கு எட்டாத தொலைவுக்கு, அதே ஈரநிலங்களின் விளிம்பை ஒட்டிய இடத்துக்கு நகர்ந்தது. 2019இல் மாநில முதல்வர் அவ்வளாகத்துக்கு 'கர்ம திகந்தா' என்று புதுப்பெயர் சூட்டினார். உழைப்பின் தொடுவானம் என்று பொருள். தொடுவானம் என்பது நடக்க நடக்க விலகிக்கொண்டே போவது என்பதைப் பெயர் தேர்ந்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கொல்கத்தாவில் இடப்பெயர்ச்சிக்குப் பழைய முன்னோடி ஒன்றும் உண்டு. பிரபுல்ல சந்திர ராய் 1892இல் வங்காள இரசாயனத் தொழிலைத் தொடங்கியபோது, கசாப்புக் கடைகளில் வீணாகும் மாட்டெலும்பை வாங்கிவந்து, தாம் குடியிருந்த வாடகை வீட்டின் மாடியில் காயவைத்து, பாஸ்பேட் உப்பு தயாரிக்க முயன்றார். கழிவிலிருந்து மருந்து; இன்றைய மொழியில் சொன்னால் முழுமையான சுழற்சி. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். அவர் எலும்புகளை வேறிடத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது. ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். அந்த நாற்றத்துக்கு ஒரு முகவரியும் ஒரு பெயரும் இருந்தன. யாரிடம் போய்ச் சண்டை போடுவதென்று அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்தது.

பான்தலாவில் அது தெரியாது. காரணம், அங்கே கழிவு 'பொது'. நூற்றுக்கணக்கான ஆலைகளின் கழிவுநீர் ஒரே குழாய்த்தொடரில் கலந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சிறிய ஆலைகள் தனித்தனியே நிலையம் அமைக்க இயலாது என்பது உண்மை. அந்த அளவில் பொது நிலையம் தேவையே. ஆனால் கலந்த மறுகணம் எந்த ஆலையின் குரோமியம் எது என்று சொல்ல இயலாமல் போகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டிலிருந்து 'மாசுபடுத்தியவர்' என்னும் சொல் குழாய்க்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

அக்குழாயில் வேறொன்றும் நிகழ்கிறது. தோலிலிருந்து மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. பின்னர் வரும் கட்டங்களில் அமிலம் பயன்படுகிறது. இரண்டின் கழிவுநீரும் தனித்தனியே பிரிக்கப்படாமல் ஓரிடத்தில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கும். அது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். ஆபத்து மிகும்போது எச்சரிக்கை நின்றுபோகும் என்பதே அதன் கொடுமை. எனவே தோல் வளாகத்துச் சாக்கடை, ஊர்ச் சாக்கடையைப் போன்றதன்று. அது ஓர் இரசாயன ஆலையின் நீட்சி. சல்பைடு நீரையும் அமில நீரையும் தனிக்குழாய்களில் பிரிப்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அரிச்சுவடி தெரிந்தவர்கள் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கிறார்கள். குழிக்குள் இறக்கப்படுபவர் நாட்கூலிக்கு வந்தவர்.

2015 ஜனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது நச்சுக் கசடு பாய்ந்து பத்துப் பேர் இறந்தனர். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழ் வாசகருக்குக் கொல்கத்தாவின் தோல் கழிவு தொலைதூரச் சேதியாகத் தோன்றினால், இந்த ஒன்பது பேரை நினைவில் கொள்ள வேண்டும். வங்கத்தின் உழைப்பு பாலாற்றங்கரைக்கு வருகிறது. பாலாற்றங்கரையின் கசடு அவர்களைப் பிணமாக வங்கத்துக்கு அனுப்புகிறது.

அதே இராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்துவந்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக்கழிவு, மலைபோல் வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து வடியும் நீர் மஞ்சளாக ஓடுவதை அப்பகுதி மக்கள் அறிவார்கள். அந்த மஞ்சள் ஆறிணைத்திறக் குரோமியத்தின் நிறம். தோல் பதனிடப் பயன்படும் உப்பில் இருப்பது முவ்விணைத்திறக் குரோமியம். அது ஒப்பளவில் நஞ்சு குறைந்தது. ஆலை உரிமையாளர்கள் எப்போதும் இதைச் சுட்டிக்காட்டுவார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த உப்பைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் வழியில் ஆறிணைத்திற வடிவம் தவிர்க்க முடியாத ஒரு நிலை. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. கழிவை எரித்தாலோ, மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகளோடு சேர்ந்தாலோ, முவ்விணைத்திறம் மீண்டும் ஆறிணைத்திறமாக மாறவும் கூடும். தாது வருவது ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கிலிருந்து. உலகின் மிக மாசுற்ற பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியல்களில் 2006இல் இராணிப்பேட்டையும் 2007இல் சுகிந்தாவும் இடம்பெற்றன. சுகிந்தாவில் தோண்டி, இராணிப்பேட்டையில் வறுத்து, ஆம்பூரிலும் பான்தலாவிலும் கரைத்து, காலணியாக்கி ஏற்றுமதி செய்யும் நெடுவழியில் பளபளப்பான கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து அதற்குச் 'சுழற்சி' என்று முத்திரை குத்துகிறார்கள்.

சுழற்சி நிகழ்ந்தால் போதும், பாதுகாப்பு தானாக வரும் என்று நம்புவோர் டாக்காவைப் பார்க்கலாம். ஹசாரிபாக் தோல் ஆலைகளின் குரோமியம் ஏறிய தோல் சீவல்களையும் துண்டுகளையும் வேகவைத்துக் காயவைத்துப் பொடித்து, புரதம் மிகுந்த தீவனமென்று கோழிகளுக்கும் மீன்களுக்கும் போட்டார்கள். கழிவு வீணாகவில்லை, உணவாயிற்று, கோழியின் வழியாகத் தட்டுக்கு வந்தது. சுழற்சியின் இலக்கணம் முழுவதும் அதில் நிறைவேறியிருந்தது. டாக்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழிகளில் குரோமியம் சேர்வதைக் காட்டிய பின், 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தீவன ஆலைகளை மூட ஆணையிட்டது. பின்னர் 2017இல் ஹசாரிபாக் ஆலைகள் சாவாருக்கு இடம்பெயர்ந்தன. அங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் முழுமையடையாத நிலையிலேயே ஆலைகள் இயங்கின. அவற்றின் கழிவு தலேஸ்வரி ஆற்றில் இறங்கியது. கொல்கத்தாவின் கதையை வேறு ஆற்றின் பெயரோடு மீண்டும் எழுதியது போலிருக்கிறது.

இதற்கெல்லாம் வழக்கமாக வரும் மறுப்பு, மாற்றுத் தொழில்நுட்பம் விலை உயர்ந்தது, மாறக் காலம் வேண்டும், கெடுபிடி செய்தால் லட்சக்கணக்கானோர் வேலை இழப்பர் என்பது. வேலை பற்றிய கவலை நியாயமானது. தோல் தொழில் இறைச்சித் தொழில் விட்டுச்செல்லும் பொருளைப் பயனாக்குவது. அதை மூடினால் தோல்கள் அழுகும், தலித்துகளும் இசுலாமியரும் முதலில் தெருவுக்கு வருவர். சுத்தத்தின் பெயரால் இத்தொழிலை ஒழிக்கத் துடிப்போரில் சிலருக்கு ஆறு ஒரு பொருட்டே அன்று என்பதும் கான்பூர் ஆலைகள் பட்ட பாட்டைக் கவனித்தோருக்குத் தெரியும். ஆனால் 'காலம் வேண்டும்' என்பதை வரலாறு ஏற்கவில்லை. 1980களின் முடிவில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது, அதைத் தோலில் பயன்படுத்திவந்த இந்திய ஆலைகள் சில ஆண்டுகளில் மாற்றுக்கு நகர்ந்தன. 1994இல் அதே நாடு சிலவகை அசோ சாயங்களைத் தடுத்தது. இந்திய அரசு 1997இல் அவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் தோற்பொருள் ஒரு கிலோவில் 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறிணைத்திறக் குரோமியம் இருக்கக் கூடாது. ஏற்றுமதி செய்யும் ஆலைகள் அந்த அளவுக்குள் நிற்கின்றன, சோதனைச் சான்றிதழ் வாங்குகின்றன.

வாங்குபவர் கேட்டால் மூன்றாண்டில் மாற முடிகிறது. ஆறு கேட்டால் முப்பதாண்டு ஆகியும் மாற முடிவதில்லை. வேலூர்த் தீர்ப்பு 1996இல் வந்தது. அதே பாலாற்றுக்காக 2025இல் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஹாம்பர்க்கில் காலணி அணிபவரின் பாதத்துக்குப் பாதுகாப்பு வரம்பு மில்லிகிராமில் எழுதப்பட்டிருக்கிறது. அக்காலணியின் கழிவோடும் சாக்கடையில் இறங்கும் முர்ஷிதாபாத்துக்காரரின் நுரையீரலுக்கு அப்படி ஒரு வரம்பை எந்தக் கொள்முதல் ஒப்பந்தமும் எழுதுவதில்லை. 'பாதுகாப்பான' என்னும் அடைக்கு யாருக்கு என்ற நான்காம் வேற்றுமை தேவை. அது ஒவ்வொரு முறையும் விடுபடுவது தற்செயலன்று.

அறிவில் குறையில்லை. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்கிவருகிறது. அதன் முதல் இயக்குநர் பி.எம். தாஸ், கொல்கத்தாவின் வங்காளத் தோல் பதனிடும் கல்விக்கூடத்திலிருந்து வந்தவர். இன்று கேட்டால் பலருக்கு வியப்பாயிருக்கும், தமிழகத்தின் தோல் அறிவியல் கொல்கத்தாவின் கொடையோடு தொடங்கியது. அந்நிறுவனம் உருவாக்கிய நீரற்ற குரோமியப் பதனிடும் முறை, பதனிடும் கட்டத்தில் தண்ணீரையே தவிர்த்து, குரோமியத் தேவையை 15 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கிறது. வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே தோல் ஏற்கிறது. மீதி நீரோடு போகிறது. அந்த நீரைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு இட்டுக் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் டிரம்முக்குள் ஊற்றலாம். மீட்பு முறை எளியது, பழையது, தமிழக ஆலைகள் பலவற்றில் நடைமுறையில் உள்ளது. ஆவாரம்பட்டையில் பதனிடும் பழைய முறையைச் சிலர் முன்வைக்கிறார்கள். அதன் கழிவும் ஆற்றின் பிராணவாயுவை உறிஞ்சும், எனவே பழமை என்பதாலேயே அது தூய்மையாகிவிடாது.

தொழில்நுட்பம் மட்டும் தீர்வாகாது என்பதற்குத் தமிழகமே சான்று. பாலாற்றங்கரையின் பொது நிலையங்கள் 'சுழியத் திரவ வெளியேற்றம்' என்னும் முறைக்கு மாறின. நீர் வடிகட்டப்பட்டு மறுபடியும் ஆலைக்குப் போகிறது, பாராட்டத்தக்கது. ஆனால் நீரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கலப்பு உப்பை எவரும் வாங்குவதில்லை. அது மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. சுழியம் என்ற எண் திரவத்துக்கு மட்டுமே உரியது. உப்பு அந்தச் சொல்லுக்கு வெளியே குவிகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இயந்திரத்தையன்று, கணக்கை. குரோமியம் தனிமம் என்பதால் அதற்குக் கணக்கு எழுத முடியும். அது ஆவியாகி மறையாது, மட்கிப் போகாது. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் வாங்கிய குரோமிய உப்பு எவ்வளவு, விற்ற தோலில் வெளியேறியது எவ்வளவு, மீட்டுப் பயன்படுத்தியது எவ்வளவு, கசடாகவும் சீவலாகவும் ஒப்படைத்தது எவ்வளவு என்று நான்கு பத்திகளில் எழுதி வெளியிட வேண்டும். முதல் பத்தியின் தொகைக்கும் மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் கால்வாயில் இருக்கிறது. அதற்கு ஆலையின் பெயரும் உண்டு. பொதுக் குழாயில் கரைந்துபோன எழுவாய் அங்கே திரும்பக் கிடைக்கும். கூடவே, சாக்கடைக் குழாய்களைத் துப்புரவு செய்யும் இயந்திரங்களின் செலவும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுகளுக்கு நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய் இழப்பீடும், அந்த வித்தியாசத்தின் விகிதத்தில் ஆலைகள்மீது ஏற வேண்டும். அப்போது மனிதரை இறக்குவது மலிவான வழியாக இராது.

இக்கணக்கு வணிக இரகசியம் என்று சொல்லப்படும். சிறிய ஆலைகளுக்கு எழுதத் தெரியாது என்று சொல்லப்படும். ஆனால் பான்தலாவில் குரோமிய உப்பு மூட்டை எதுவும் ரசீதின்றி வாங்கப்படக் கூடாது. 2017 ஜூலை முதல் அந்த ரசீது சரக்கு சேவை வரிக் கணக்கில் ஆலையின் பதிவெண்ணோடு ஏற வேண்டும் என்பது சட்டம். நான்கு பத்திகளில் முதல் பத்தி அரசின் கணினியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.